குலன் இயக்கமும் அமெரிக்க சார்ட்டர் பள்ளிகளும்: ஆசிரியர்கள் ஏன் கவலைப்படுகிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

பணம் அரசுடையது, நிர்வாகம் தனியாருடையது. கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் முறையில் சேர்க்கை. ஒரு மாணவனுக்கு இவ்வளவு என்று அரசு தரும் பணத்தில் பள்ளி நடக்கும். 1991-இல் மினசோட்டா மாநிலம்தான் இதற்கு முதன்முதலில் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு அங்கே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது.

நம்மூர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரியும். மீதிப் பாதியில்தான் ஆசிரியர்களின் சிக்கல் இருக்கிறது. உதவி பெறும் பள்ளி ஆசிரியரின் பணியிடத்துக்கு அரசு ஒப்புதல் உண்டு, அவரை நினைத்த மாத்திரத்தில் வெளியே அனுப்ப முடியாது. பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

குலன் யார்?

ஃபெதுல்லா குலன், துருக்கியின் எர்ஸுரும் பகுதியில் பிறந்த இஸ்லாமிய மதபோதகர். அவரைப் பின்பற்றுபவர்கள் தங்களை ‘ஹிஸ்மத்’, அதாவது தொண்டு இயக்கம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பள்ளிவாசல் கட்டுவதைவிடப் பள்ளிக்கூடம் கட்டுவது மேல் என்பது அவர்களின் போக்கு. மத்திய ஆசியா, ஆப்பிரிக்கா, தெற்காசியா என்று பல நாடுகளில் பள்ளிகள் நடத்தினார்கள். அமெரிக்காவில் சில சார்ட்டர் பள்ளிகளுக்குப் பின்னாலும் அவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. 1999-இல் குலன் அமெரிக்கா வந்தார். பென்சில்வேனியாவில் சேலர்ஸ்பர்க் என்ற சிற்றூரில் கடைசிவரை தங்கி, 2024 அக்டோபரில் அந்த மாநிலத்திலேயே காலமானார்.

கல்வித்துறையில் அசாதாரணத் திறன் கொண்டவர் என்ற பிரிவில் அவர் கிரீன் கார்டு கேட்டிருந்தார். குடியேற்றத் துறை மறுத்தது. 2008-இல் பெடரல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

எந்தப் பள்ளிகளை இந்த இயக்கத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள்?

டெக்சாஸில் ஹார்மனி, ஒஹாயோவிலும் இல்லினாயிலும் கான்செப்ட் ஸ்கூல்ஸ் என்ற நிர்வாக நிறுவனம் நடத்தும் ஹொரைசன் பள்ளிகள், கலிபோர்னியாவில் மக்னோலியா ஆகியவை பெரியவை. யூட்டா, ஜார்ஜியா, லூசியானா, பென்சில்வேனியா மாநிலங்களிலும் தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. 2011-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது 25 மாநிலங்களில் சுமார் 120 பள்ளிகள் என்று கணக்குச் சொன்னது. அதில் ஹார்மனிக்கு மட்டும் 33 பள்ளிகள், ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கும் மேல் வரிப்பணம்.

அந்தப் பள்ளிகள் இதை ஒப்புக்கொள்கின்றனவா?

இல்லை. எங்களுக்கும் இயக்கத்துக்கும் அமைப்பு ரீதியாக எந்தத் தொடர்பும் இல்லை, எங்கள் ஊழியர்களில் சிலர் குலனை மதிக்கலாம், அது அவரவர் சொந்த விஷயம் என்பதுதான் அவர்களின் வழக்கமான பதில்.

தொடர்பு உண்டு என்பவர்கள் சுட்டிக்காட்டுவது ஒரு தோற்றத்தை. நிறுவனர்களும் நிர்வாகக் குழுவினரும் பெரும்பாலும் துருக்கிய ஆண்கள். துருக்கியிலிருந்து விசாவில் வந்த ஆசிரியர்கள். இயக்கத்துக்கு நெருக்கமானவர்களின் நிறுவனங்களுக்கே கட்டடம், கணினி ஒப்பந்தங்கள். விருப்பப் பாடமாகத் துருக்கி மொழி. அரசியல்வாதிகளுக்குத் துருக்கிச் சுற்றுலா. இதில் எதையும் தனியாக எடுத்தால் சான்று என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒரே பள்ளியில் சேர்ந்து வரும்போதுதான் கேள்வி எழுகிறது. உறுப்பினர் அட்டை, சந்தா ரசீது என்று எதுவும் இல்லாத இயக்கம் என்பதால் ‘ஆம்’, ‘இல்லை’ என்று ஒற்றை வரியில் யாராலும் முடிக்க முடிவதில்லை. அதனால் இந்தப் பக்கத்தில் ‘குலன் பள்ளி’ என்று வரும் இடங்களில் ‘தொடர்புடையதாகச் சொல்லப்படும்’ என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் இஸ்லாம் போதிக்கிறார்களா?

அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை. இவை கணிதம், அறிவியலில் பெயர் வாங்கிய பள்ளிகள். ரோபோ போட்டி, அறிவியல் கண்காட்சி, கல்லூரிக்குப் போகும் மாணவர் விகிதம் என்றுதான் பெருமை பேசுவார்கள். 2012-இல் ஒபாமா அரசின் ‘ரேஸ் டு தி டாப்’ கல்வி நிதித் திட்டத்தில் ஹார்மனிக்குச் சுமார் 3 கோடி டாலர் கிடைத்தது.

‘மதம் பரப்புகிறார்களா?’ என்ற கேள்வியிலேயே பத்து வருஷம் போனது என்பது என் எண்ணம். அங்கே வேலை பார்த்த ஆசிரியர்கள் சொன்ன குறைகள் பெரும்பாலும் வேறு: யாரை வேலைக்கு எடுக்கிறார்கள், யாருக்கு என்ன சம்பளம், கேள்வி கேட்டால் என்ன ஆகும், பள்ளிப் பணம் யாரிடம் போகிறது.

ஆசிரியர்கள் சொல்லும் குறைகள் எவை?

முதலாவது, வேலையில் நிலையில்லாமை. டெக்சாஸை எடுத்துக்கொள்வோம். அங்கே உள்ளூர்ப் பள்ளி மாவட்டம் நடத்தும் சாதாரண அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மாநிலக் கல்விச் சட்டத்தின் 21-ஆம் அத்தியாயப்படி ஒப்பந்தம் உண்டு. நீக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும், விசாரணை கேட்கும் உரிமையும் உண்டு. சார்ட்டர் பள்ளிகளுக்கு அந்த அத்தியாயம் பொருந்தாது. மாநிலம் வகுத்த குறைந்தபட்ச ஊதிய அட்டவணையும் பொருந்தாது. ஓய்வூதியத் திட்டம் மட்டும் உண்டு. அதாவது, ‘நாளை வர வேண்டாம்’ என்று சொன்னால் அவ்வளவுதான். இது குலன் பள்ளிகளுக்கு மட்டுமான குறை இல்லை, அங்குள்ள சார்ட்டர் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் மற்ற குறைகள் எல்லாம் இந்த மண்ணில்தான் முளைக்கின்றன.

இரண்டாவது, இரண்டு அடுக்கு. பள்ளிக்குள் துருக்கிய ஊழியர்கள் ஒரு வட்டம், மற்றவர்கள் இன்னொரு வட்டம் என்று பல மாநிலங்களில் முன்னாள் ஆசிரியர்கள் ஒரே மாதிரி சொன்னார்கள். முதல்வர், துணை முதல்வர் பதவிகள் முதல் வட்டத்துக்கு. அனுபவம் குறைந்தவருக்குக்கூட அதிகச் சம்பளம், சீக்கிரப் பதவி உயர்வு. முக்கியமான முடிவுகள் துருக்கி மொழியில் நடக்கும் பேச்சில் முடிந்துவிடும், கூட்டத்தில் அறிவிப்பு மட்டும் வரும். பெண் ஆசிரியர்கள், மேலே போக வழியே இல்லை என்றார்கள்.

அப்புறம் விசா. அதற்குத் தனிக் கேள்வியே தேவைப்படுகிறது.

ஹெச்-1பி விசாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஹெச்-1பி என்றதும் நமக்குக் கணினி நிறுவனங்கள்தான் நினைவுக்கு வரும். பட்டப்படிப்பு தேவைப்படும் எந்த வேலைக்கும் அந்த விசாவில் ஆள் எடுக்கலாம், ஆசிரியர் வேலையும் அதில் அடக்கம். இந்தப் பள்ளிகள் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தின. கணிதம், அறிவியல் சொல்லித்தர உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை என்பது அவர்கள் தரப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் நல்ல இயற்பியல் ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்தான். ஆனால் விண்ணப்பங்களில் ஆங்கில ஆசிரியர்களும் நிர்வாகப் பணியாளர்களும் இருந்தார்கள். அதுவும் 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, உள்ளூர் ஆசிரியர்களைப் பள்ளி மாவட்டங்கள் வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில். ஆங்கிலம் சொல்லித்தர துருக்கியிலிருந்து ஆள் எதற்கு என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் வரவில்லை.

விசாச் செலவு இன்னொரு பக்கம். வழக்கறிஞர் கட்டணம், அரசுக் கட்டணம் எல்லாம் பள்ளிக் கணக்கிலிருந்து போகும். யூட்டாவின் பீஹைவ் அகாடமி கடனில் தள்ளாடியபோது, விசாவுக்குப் பணம் போனதும் ஆசிரியர்களின் புகாரில் இருந்தது. 2010-இல் மாநிலச் சார்ட்டர் வாரியம் அந்தப் பள்ளியை மூட முடிவெடுத்து, பிறகு அவகாசம் கொடுத்தது.

2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஹெச்-1பி-யில் ஆள் எடுக்க 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்த பிறகு, எந்தப் பள்ளிக்கும் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் என்பது உண்மையா?

குற்றச்சாட்டு உண்மையிலேயே எழுந்தது, அரசு அதை விசாரிக்கவும் செய்தது. விசாவில் வந்த ஆசிரியர்கள் ஊதியத்தில் ஒரு பங்கை இயக்கத்துக்குத் தருகிறார்களா என்று எஃப்.பி.ஐ., தொழிலாளர் துறை, கல்வித் துறை மூன்றும் பார்த்துவருவதாக 2011 மார்ச்சில் ஃபிலடெல்பியா இன்க்வயரர் எழுதியது. 2012-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில், கிளீவ்லாந்தில் வேலை பார்த்த ஓர் அமெரிக்க ஆசிரியை, தன் துருக்கியக் கணவர் சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது என்று சொன்னார். பள்ளித் தரப்பு மறுத்தது.

இயக்கத்தில் ‘ஹிம்மெத்’ என்ற நன்கொடை வழக்கம் பழையது. வசதிக்கேற்பக் கொடுப்பார்கள், மனமுவந்தும் கொடுப்பார்கள். ஆனால் கேட்பவர் கையில் உங்கள் வேலையும் விசாவும் இருக்கும்போது, கொடுப்பதை எந்த அளவுக்கு ‘மனமுவந்து’ என்று சொல்வது? சட்டப்படி பார்த்தாலும், ஹெச்-1பி ஊழியருக்கு விண்ணப்பத்தில் குறிப்பிட்ட ஊதியம் முழுதாகப் போய்ச்சேர வேண்டும். சுற்றுவழியில் திரும்ப வாங்குவது சட்டமீறல்.

துருக்கிய ஆசிரியர்களின் நிலைமை என்ன?

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாதவர்கள் அவர்கள்தான். விசா பள்ளியின் பெயரில் இருக்கிறது. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலையோ வேறு விசாவோ தேட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அமெரிக்க ஐடி துறையில் இருக்கும் நம் ஆட்களுக்கு இந்த நடுக்கம் தெரியாததல்ல.

2016-க்குப் பிறகு அது பல மடங்கானது. 2013 இறுதியில் குலன் இயக்கத்தின் தனிப்பயிற்சி மையங்களை மூடத் துருக்கியின் எர்டோகன் அரசு முனைந்தது, டிசம்பரில் அரசுக்கு நெருக்கமானவர்கள் மீது ஊழல் விசாரணை வெடித்தது. அதுவரை கூட்டாளிகளாக இருந்தவர்கள் பகையாளிகள் ஆனார்கள். 2016 ஜூலை 15 ராணுவக் கலகத்தில் 250 பேர் அளவில் இறந்தார்கள். குலன்தான் காரணம் என்றது துருக்கி, அவர் மறுத்தார். அடுத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், ஆசிரியர்கள் மட்டும் பல்லாயிரம் பேர். அந்த ஆண்டு நவம்பரில் பாகிஸ்தான் அங்கிருந்த பாக்-துருக்கிப் பள்ளி ஆசிரியர்களைக் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகச் சொன்னது. அதன் பிறகு, அமெரிக்காவில் இருக்கும் ஒரு துருக்கிய ஆசிரியர் பள்ளியை எதிர்த்துப் பேசி விசாவை இழந்தால் ஊருக்கும் போக முடியாது. காரணமில்லாமல் நீக்கப்படலாம் என்பதால் அமெரிக்க ஆசிரியர் வாய் திறப்பதில்லை, நாடே இல்லாமல் போகும் என்பதால் துருக்கிய ஆசிரியர் வாய் திறப்பதில்லை. ஓய்வறையில் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொள்ளும் இந்த இரண்டு பேரையும் ஒரே கயிறுதான் கட்டியிருக்கிறது.

ஆசிரியர் சங்கம் வைக்க முடியாதா?

சிகாகோவில் வைக்கப் பார்த்தார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நகரின் வடக்கே ராஜர்ஸ் பார்க் பகுதியில் சிகாகோ மேத் அண்ட் சயன்ஸ் அகாடமி என்ற பள்ளி 2004-இல் தொடங்கியது, நிர்வாகம் கான்செப்ட் ஸ்கூல்ஸ். 2010-இல் அங்கே பெரும்பான்மை ஆசிரியர்கள் சங்கத்துக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டார்கள். இல்லினாய் மாநிலச் சட்டப்படி, பொதுப் பள்ளியில் அதுவே போதும், தனித் தேர்தல் தேவையில்லை. பள்ளி நிர்வாகம் என்ன செய்தது? நாங்கள் பொதுப் பள்ளியே இல்லை, தனியார் நிறுவனம், மாநிலச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று, தனியார் துறைச் சங்க விவகாரங்களைப் பார்க்கும் பெடரல் அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் போனது. இரண்டு வருஷத்துக்கும் மேல் இழுத்தது. 2012 டிசம்பரில் வாரியம் பள்ளியின் வாதத்தை ஏற்றது. 2016-இல் வேறு இரண்டு சார்ட்டர் பள்ளி வழக்குகளிலும் வாரியம் அதே பாதையில் போனது.

விளம்பரப் பதாகையில் ‘கட்டணமில்லாப் பொதுப் பள்ளி’. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும்போது பொதுப் பள்ளி. ஆசிரியர் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டதும் தனியார் கம்பெனி. இதற்குச் சட்டத்தில் இடமிருக்கலாம். நியாயத்தில் இருப்பதாக எனக்குப் படவில்லை.

பணம் எங்கே போகிறது என்பதில் ஏதாவது நிரூபணமானதா?

சில இடங்களில் ஆகியிருக்கிறது. ஜார்ஜியாவின் ஃபுல்டன் மாவட்டம் 2012-இல் மூன்று பள்ளிகளைத் தணிக்கை செய்தது. இயக்கத்தோடு தொடர்புள்ளவர்களின் நிறுவனங்களுக்கு முறையில்லாமல் ஒப்பந்தங்கள் போனதாக அறிக்கை வந்தது. 1.9 கோடி டாலர் கடன் பத்திரத்தையும் அந்தப் பள்ளிகள் திருப்பிக்கட்டத் தவறின.

கான்செப்ட் விவகாரம் இன்னும் தெளிவானது. பள்ளிகளின் இணையச் செலவைப் பெருமளவு ஏற்றுக்கொள்ளும் ‘ஈ-ரேட்’ என்ற பெடரல் திட்டம் உண்டு. வெளிப்படையான போட்டி ஏலம் விட வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. 2014 ஜூனில் இல்லினாய், இந்தியானா, ஒஹாயோ மாநிலங்களில் 19 இடங்களில் எஃப்.பி.ஐ. சோதனை போட்டது. வேண்டியவர்களுக்கே ஒப்பந்தம் போகும்படி ஏலத்தை வளைத்தார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. 2020 நவம்பரில் 45 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது கான்செப்ட்.

வெளிப்படையாகப் பேசிய ஆசிரியர்கள் யாராவது உண்டா?

2014 ஜூலையில் ஒஹாயோ மாநிலக் கல்வி வாரியத்தின் முன் டேட்டன் ஹொரைசன் பள்ளியின் முன்னாள் ஆசிரியர்கள் சிலர் வந்து பேசினார்கள். தேர்வு முறைகேடு, தவறான நடத்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டது, இனப் பாகுபாடு என்று பல புகார்கள். பள்ளி மறுத்தது. கவனியுங்கள், பேசியவர்கள் எல்லோரும் ‘முன்னாள்’ ஆசிரியர்கள்.

இதெல்லாம் முஸ்லிம்கள் மீதான வெறுப்பு இல்லையா?

ஒரு பகுதி அதுதான். 2010-ஐ ஒட்டி, முஸ்லிம் பெயர் வந்தாலே சந்தேகப்படும் கூட்டம் இந்தப் பள்ளிகளையும் விடவில்லை. ‘ரகசிய ஷரியா பள்ளி’ என்று கிளப்பிவிட்டார்கள். அதனால் பாதிக்கப்பட்டது, ஊதியம் பற்றியும் ஒப்பந்தம் பற்றியும் நியாயமாகக் கேட்ட ஆசிரியர்கள். வெறுப்புப் பேச்சைக் காட்டியே எல்லாக் கேள்வியையும் தள்ளிவிடப் பள்ளிகளுக்கு வசதியாகப் போயிற்று.

இன்னொரு பக்கம் குட்டையைக் குழப்பியது துருக்கி அரசு. 2015-இல் ஆம்ஸ்டர்டாம் என்ற சட்ட நிறுவனத்தை அமர்த்தி, அமெரிக்காவில் இந்தப் பள்ளிகளைத் தோண்டச் சொன்னது. 2016 மே மாதம் ஹார்மனி மீது டெக்சாஸ் கல்வித் துறையிடம் நீண்ட புகார் போனது, அதே ஆண்டில் துறை அதை முடித்துவைத்தது. தன் நாட்டில் ஆசிரியர்களைக் கூட்டமாகச் சிறையில் போடும் அரசு, அமெரிக்க ஆசிரியரின் உரிமைக்காகக் கண்ணீர் விடுவதை நம்ப நான் தயாரில்லை. அந்தப் புகாரைத் தனியாக வைத்துவிட்டு, உள்ளூர்த் தணிக்கையும் ஆசிரியர்களின் சொந்த வாக்குமூலமும் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது நல்லது.

என் பிள்ளையை இந்த மாதிரிப் பள்ளியில் சேர்க்கலாமா?

ஹூஸ்டன், டாலஸ் பக்கம் இருப்பவர்கள் கேட்கக்கூடிய கேள்வி. பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். தேர்வு முடிவை மட்டும் பார்க்காமல், வருடத்துக்கு எத்தனை ஆசிரியர்கள் விலகுகிறார்கள் என்று பாருங்கள். ஆண்டு நடுவில் கணக்கு ஆசிரியர் மூன்று முறை மாறினால், சுவரில் மாட்டிய கேடயங்களால் பயனில்லை. சிறப்புத் தேவை உள்ள பிள்ளை என்றால் அதற்கான ஏற்பாட்டை எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறன் மாணவர்கள், ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் சேர்க்கை தொடர்பாக 2014-இல் ஹார்மனி பெடரல் குடிமை உரிமைகள் அலுவலகத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொள்ள வேண்டிவந்தது.

அங்கே ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

நியமனக் கடிதத்தில் ‘எந்நேரமும் எக்காரணமும் இன்றி’ என்ற பொருளில் வரி இருக்கிறதா, ஊதிய அட்டவணை எல்லோருக்கும் ஒன்றா என்று பாருங்கள். நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகள் பொது ஆவணம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தால், கட்டட வாடகை யாருக்குப் போகிறது என்பது தெரிந்துவிடும்.

ஹெச்-1பி-யில் ஆள் எடுக்கும் பள்ளி, வேலையின் பெயர், தரப்போகும் ஊதியம், அந்த வட்டாரத்தில் நிலவும் ஊதியம் மூன்றையும் எழுதித் தொழிலாளர் துறையிடம் கொடுத்திருக்க வேண்டும். அதன் அறிவிப்பைப் பள்ளிக்குள் கண்ணில் படும்படி இரண்டு இடத்தில் பத்து நாள் ஒட்டவோ, மின்னஞ்சல் போன்ற வழியில் தெரிவிக்கவோ வேண்டும். பொதுப் பார்வைக்கான கோப்பும் வைத்திருக்க வேண்டும், யார் கேட்டாலும் காட்ட வேண்டும். பக்கத்து வகுப்பறைக்காரருக்கு எவ்வளவு என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தவறு நடப்பது கண்ணில் பட்டால்?

விசா ஊழியரின் ஊதியத்தில் கைவைத்தால் தொழிலாளர் துறையின் டபிள்யூஹெச்-4 படிவத்தில் புகார் தரலாம். அப்படிப் புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதையும் சட்டம் தடுக்கிறது. பெடரல் பணம் ஏமாற்றப்பட்டால் பொய்க் கோரிக்கைச் சட்டத்தின் கீழ் தனிமனிதரே வழக்குப் போடலாம், அரசு மீட்கும் தொகையில் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் அவருக்கு வரும். இரண்டுக்கும் முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தேதி போட்டு எழுதிவைத்த குறிப்புகளை வீட்டில் வையுங்கள், பள்ளி கொடுத்த மடிக்கணினியில் வேண்டாம்.